வீட்டு ரூட்டரிலேயே சிறுவர்களுக்கு ஒரு தடுப்பு

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். பையன் பள்ளி ப்ராஜெக்டிற்காக ஏதோ தேடுகிறான். திரையில் வேறு ஏதோ வந்து நிற்கிறது. இதைத் தடுக்க சாப்ட்வேர் உண்டா என்று என்னிடம் கேட்காத உறவினர்கள் குறைவு. உண்டு. ஆனால் காசு கொடுத்து எதையும் வாங்கும் முன், வீட்டில் இருக்கும் ரூட்டரிலேயே பத்து நிமிடத்தில், செலவில்லாமல் ஒரு தடுப்பை ஏற்படுத்தலாம். அது எதைத் தடுக்கும் என்பதைப் போலவே எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை டைப் செய்து என்டர் தட்டியவுடன், கம்ப்யூட்டர் நேராக அந்தத் தளத்திற்குப் போய்விடுவதில்லை. அந்தப் பெயருக்கான ஐ.பி. எண் என்ன என்று முதலில் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கிறது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டெலிபோன் டைரக்டரி போன்றதுதான் இது. வழக்கமாக இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர் இந்த வேலையைச் செய்யும். நாம் விரும்பினால் வேறு டைரக்டரியைப் பயன்படுத்தலாம். ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் சரியான எண்ணைத் தர மறுக்கும் சர்வர்கள் உள்ளன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் தொடங்கிய குடும்பங்களுக்கான சேவை அதில் ஒன்று. அதன் எண்கள் 1.1.1.3 மற்றும் 1.0.0.3. கிளீன்பிரவுசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி 185.228.168.168 மற்றும் 185.228.169.168. இது கூகுள், யூடியூப் இரண்டையும் பாதுகாப்பான தேடல் நிலையிலேயே வைக்கும், கொஞ்சம் கறாரானது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு இதைத்தான் நான் சொல்வேன். எதை எடுத்தாலும் ஒரே சேவையின் இரு எண்களையும் சேர்த்தே தர வேண்டும். ஒன்று நல்ல சர்வர், மற்றொன்று பழைய சர்வர் என்று கலந்து கொடுத்தால் தடுப்பு சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது.

இனி செயலில் இறங்கலாம். ரூட்டருடன் இணைந்துள்ள கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பக்கம் வராவிட்டால் 192.168.0.1 கொடுத்துப் பாருங்கள். சரியான எண்ணும், யூசர் நேம், பாஸ்வேர்டும் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சென்றவுடன் முதல் வேலை அந்த பாஸ்வேர்டை மாற்றுவது. ஸ்டிக்கரைப் படிக்க உங்கள் பையனுக்கும் தெரியும்!

அடுத்து லேன் அல்லது டி.எச்.சி.பி. சர்வர் என்ற பிரிவைத் தேடுங்கள். மெனுவின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி வழங்கும் இடம் இது. அங்கு பிரைமரி டி.என்.எஸ்., செகண்டரி டி.என்.எஸ். என இரண்டு கட்டங்கள் இருக்கும். எண்களைக் கொடுத்து சேவ் கிளிக் செய்து, ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். சில இணைப்பு நிறுவனங்கள் தரும் ரூட்டர்களில் இந்தக் கட்டங்களை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அப்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸ் சென்று தனித்தனியே தர வேண்டும்.

இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்து நான் ஏமாந்த கதை உண்டு. மதுரையில் அக்கா வீட்டில் இதையெல்லாம் செய்துவிட்டு, "இனிமே கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சென்னை வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் ஏதோ இலவச கேம் தேடப் போய், காணக் கூடாத படங்கள் வந்துவிட்டன. அவன் பயந்து லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, நான்கு நாள் அதன் பக்கமே போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. "சித்திதான் எதுவுமே வராதுன்னு சொன்னாங்க. அப்போ நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றானாம். தப்பு செய்தது நான்.

என்ன ஆயிற்று என்றால், இன்று பல இணைப்புகளில் பழைய ஐ.பி. எண்ணுடன் ஐ.பி.வி.6 என்ற புதிய வகை எண்ணும் சேர்ந்தே வருகிறது. இரண்டிற்கும் டி.என்.எஸ். தனித்தனி. நான் ஒரு கதவைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே போட்டிருந்தேன். ரூட்டரில் ஐ.பி.வி.6 பிரிவு இருந்தால் அதன் டி.என்.எஸ். கட்டங்களிலும் எண் தர வேண்டும். கிளவுட்ஃப்ளேருக்கு அவை 2606:4700:4700::1113 மற்றும் 2606:4700:4700::1003. நடுவில் வரும் இரட்டைப் புள்ளிகளை அப்படியே டைப் செய்யவும். எண் தர இடமே இல்லை என்றால் லேன் பக்கம் ஐ.பி.வி.6 வசதியை நிறுத்திவிடலாம். வழக்கமான வீட்டு உபயோகத்திற்கு இடைஞ்சல் வராது.

நான் செய்யாமல் விட்ட இன்னொன்று, சோதனை. கிளவுட்ஃப்ளேர் இதற்கென்றே ஒரு முகவரி வைத்திருக்கிறது: நியூடிட்டி டாட் டெஸ்ட்கேட்டகரி டாட் காம். ஆங்கிலத்தில் டைப் செய்து பாருங்கள். பக்கம் திறக்காவிட்டால் தடுப்பு வேலை செய்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் பாருங்கள்.

சரி, எதைத் தடுக்காது? டைரக்டரிக்குத் தெரிந்தது தளத்தின் பெயர் மட்டும். யூடியூப் என்ற பெயரை அனுமதித்தால், உள்ளே எந்த வீடியோ ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் படமும் அப்படியே. நேற்று தொடங்கிய புதிய தளம் பட்டியலில் ஏறியிருக்காது. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் ரூட்டர் பக்கமே போக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்ட் 9 முதல் போனில் பிரைவேட் டி.என்.எஸ். என்ற அமைப்பு உள்ளது. அதில் ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம் எனக் கொடுத்தால், மொபைல் டேட்டாவிலும் அந்தப் போனுக்கு இதே வடிகட்டல் கிடைக்கும்.

பிரவுசரிலும் ஓர் ஓட்டை உண்டு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் செக்யூர் டி.என்.எஸ். என்ற வசதியில் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால், ரூட்டர் சொல்வதை பிரவுசர் கேட்காது. வி.பி.என். போட்டாலும் அப்படித்தான். எனவே விண்டோஸில் பையனுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் தொடங்கி, அதை ஸ்டாண்டர்ட் யூசர் என்று வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் இல்லாமல் நெட்வொர்க் அமைப்பை அவனால் மாற்ற முடியாது. பிரவுசர் செட்டிங்ஸை மாற்ற முடியும். பதினைந்து வயதில் இதையெல்லாம் கண்டுபிடித்துவிடுவான். அந்த வயதுக்கு ரூட்டரை நம்பிப் பயனில்லை.

பல ரூட்டர்களில் பேரண்டல் கன்ட்ரோல் என்ற பெயரில் இரவு பத்து மணிக்கு மேல் நெட் கிடைக்காதபடி செய்யும் வசதியும் உண்டு. இது கருவியின் மேக் எண்ணை வைத்து வேலை செய்கிறது. ஆண்ட்ராய்ட் 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுவதால், வீட்டு வை-ஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திவிட்டுப் பின்னர் எண்ணைப் பதியுங்கள்.

போன தீபாவளிக்குப் போனபோது அக்கா மகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். எண்களை அவனே டைப் செய்தான். "இதையும் தாண்டி ஏதாவது வரும். வந்தா உன் மேல தப்பில்ல. மூடிட்டு அம்மாகிட்ட சொல்லு, நெட்டை கட் பண்ண மாட்டாங்க" என்று அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். அதன் பிறகு இரண்டு முறை சொல்லியிருக்கிறானாம்.

கடைசியாக ஒன்று. ரூட்டரின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவில் ரீசெட் துளை இருக்கும். அதைச் சில விநாடிகள் அழுத்தினால், மாற்றிய பாஸ்வேர்ட் உட்பட எல்லாமே பழைய நிலைக்குப் போய்விடும். சர்வீஸுக்கு வருபவரும் முதலில் அதைத்தான் அழுத்துவார். எனவே எண்களை ஒரு தாளில் எழுதிக் கேஸ் புத்தகத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனவுடன் அந்தச் சோதனை முகவரியை ஒரு முறை திறந்து பார்த்துவிடவும்.