தேன்சிட்டும் திருவாதிரையும்

காலை வெயில் ஏறியதும் நம் தில்லித் தோட்டத்திற்குத் தேன்சிட்டு வருகின்றது. கோடையில் கருநீலமாய் மின்னும் ஆண் பறவை, குளிர்காலத் தொடக்கத்தில் மஞ்சள் மார்பின் நடுவே ஒரு கருங்கோட்டுடன் காணப்படும். அதனை வேறொரு பறவையென மயங்குவாரும் உளர். பூவுக்குப் பூ தாவும் அதன் உருவம் கலங்காமல் பதிய, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே காமிராவினுள் ஒளி புகவேண்டும். அதனைத் துரத்துவதைக் காட்டிலும், அது நாடும் செடியின் எதிரே அசையாது அமர்ந்திருப்பதே பயன் தரும்.

இரவிலோ முறை தலைகீழ். மங்கிய விண்மீனொளியைத் திரட்டக் காமிராவை முக்காலியில் நிறுத்திப் பல விநாடிகள் திறந்துவைத்தல் வேண்டும். நாம் முதலில் அரை நிமிடம் திறந்துவைத்தோம். விண்மீன்கள் புள்ளிகளாகாமல் கோடுகளாயின! மணிக்கு 15 பாகை சுழலும் புவியே காரணம். 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 10 விநாடியே ஏறத்தாழ எல்லையென்று பின்னரே அறிந்தோம். குளிர்ந்த காமிராவை வெப்பமான அறைக்குள் அப்படியே கொணர்ந்தால் லென்சில் நீர் படியும். பையிலிட்டு மூடிக் கொணர்தல் நன்று.

மூடுபனி விலகிய ஒரு டிசம்பர் நள்ளிரவில் செந்நிறத் திருவாதிரையைப் படம் பிடித்தோம். சென்னையில் ஏறக்குறைய உச்சிக்கு வரும் அம்மீன், இங்கே உச்சியினின்றும் 21 பாகை தெற்கே சாய்ந்து நின்றது.