நாசில் துளைக்குள் ஒரு சுண்ணாம்புப் பாறை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஜிஎஸ்டி சாலையில் பொழுது சாயும் நேரத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு முன் கண்ணாடியின் கதி தெரியும். வயல்களிலிருந்து கிளம்பும் பூச்சிகள் அடிபட்டுப் பசையாக ஒட்டும். ஜல்லி லாரி கிளப்பிய தூசி அதன்மேல் படியும். வைப்பரை மட்டும் போட்டால் பசை கண்ணாடி முழுக்க இழுபட்டு, எதிர் விளக்கு வெளிச்சத்தில் சாலையே மறைந்துவிடும். வாஷர் லீவரை இழுத்தால் தண்ணீர் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் "மோட்டார் போச்சு சார்" என்ற பதில் கிடைக்கும். என் கணிப்பில் மோட்டார் அநியாயமாகப் பழி சுமக்கிறது. மாற்றுவதற்கு முன் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் லீவரை ஓரிரு விநாடி இழுக்க, இன்னொருவர் முன் சக்கரத்தின் பக்கம் காதை வைத்துக் கேட்க வேண்டும். பல கார்களில் வாஷர் டேங்க் அங்கேதான், மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கிறது. 'ஙொய்' என்று ஒரு முனகல் கேட்கிறதா இல்லையா என்பதில் பாதி நோய் தெரிந்துவிடும்.

முனகல் இல்லையென்றால் மின்சாரக் கோளாறு. லீவரை இழுத்ததும் வைப்பர் இரண்டு வீச்சு வீசுகிறதென்றால் சுவிட்ச் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து ஃபியூஸ். பிறகு மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, லீவரை இழுத்தபடி டெஸ்டர் பல்பை வைத்துப் பார்க்க வேண்டும். பல்பு எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மட்டுமே மோட்டார் குற்றவாளி.

முனகல் கேட்டும் தண்ணீர் வரவில்லையென்றால் கதை வேறு. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பல பேருக்கு அதுதான் காரணம். இந்தக் குட்டிப் பம்பு விசிறி போன்ற ஒரு சக்கரத்தைச் சுழற்றித் தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. காற்றை உறிஞ்சித் தண்ணீரை மேலே இழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது, எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும். அதனால்தான் டேங்கின் அடியில் செருகியிருக்கிறார்கள். பின் கண்ணாடிக்கும் வாஷர் உள்ள சில கார்களில் ஒரே மோட்டார் இரண்டு வேலையும் பார்க்கிறது: ஒரு திசையில் சுற்றினால் முன் கண்ணாடிக்கு, மின்சாரத்தின் போக்கை மாற்றி எதிர்த்திசையில் சுற்றினால் பின் கண்ணாடிக்கு.

அடுத்து டியூப். பானெட் கீல் பக்கம் மடங்கி மடங்கி வெடித்திருக்கலாம். கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நாசிலின் அடியில் டியூபைப் பிடுங்கி லீவரை இழுங்கள். அங்கே தண்ணீர் பீய்ச்சினால் மோட்டாரும் டியூபும் நிரபராதிகள், அடைத்திருப்பது நாசில். அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் விழுப்புரம் மாவட்டத்தின் பாறைகளுக்கே போய்ச் சேர்வோம்.

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, அந்த மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. வானத்திலிருந்து விழும்போது மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. மண்ணுக்குள் இறங்கியதும் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அது மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையையும், கிணறு வெட்டும்போது கிளம்புமே அந்தச் சுக்கான்கல்லையும் கரைத்துக் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. போர் போட்டு நாம் மேலே இழுத்து, வாஷர் டேங்கிலும் ஊற்றுவது இந்த நீரைத்தான். பக்கெட் விளிம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவது அதன் கையெழுத்து.

சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு. பானெட்டுக்குள் நீர் சூடாகும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது, கரைந்திருந்த கல் திரும்பக் கல்லாகிறது. நாசில் நுனியில் தங்கும் துளி வெயிலில் காயும்போதும் அதே கதை. ஒவ்வொரு துளியும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுப் போகிறது.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 600 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அகலமும் இரண்டு மில்லிமீட்டர் நீளமும் உள்ள துளையை முழுக்க அடைக்கச் சுமார் நாலேகால் மில்லிகிராம் கால்சைட் போதும். அந்த லிட்டர் முழுவதும் வற்றி, உள்ளதெல்லாம் கல்லானால் ஏறத்தாழ 140 துளைகளை அடைக்கலாம். தண்ணீரில் பெரும்பகுதி பீய்ச்சியடித்து வெளியே போய்விடுவதால்தான் நாசில் சில மாதங்களாவது தாக்குப்பிடிக்கிறது.

நீரில் கரைந்த தாது துளையில் படியும் இதே விதி நிலத்துக்குள் என்ன செய்யும் என்பதை மயிலத்துக்குத் தென்கிழக்கே, வானூர் வட்டத்துத் திருவக்கரையில் பார்க்கலாம். வக்கிரகாளி கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர்கூட அருகிலுள்ள தேசியக் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று மணலில் புதைந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். அங்கே மரத்துக்குள் புகுந்தது கால்சியம் அல்ல, சிலிக்கா. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்துளைகளில் படிந்து படிந்து, ஆண்டு வளையம்கூடக் கலையாமல் கல்லாக்கிவிட்டது. தாதுவைச் சுமந்து வந்த நீர், சிறிய துளையில் அதை விட்டுப் போகிறது. நம் நாசிலில் நடப்பதும் அதுதான், அவசரப் பதிப்பு.

ஆகவே கல்லைக் கரைக்க வேண்டும், இடிக்கக் கூடாது. வெளியிலிருந்து ஊசியால் குத்தினால் கல் உள்ளே போய் இன்னும் இறுகும். நாசிலைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வினிகரில் போடுங்கள். கிளம்பும் குமிழிகள் எல்லாம் கல்லில் பூட்டப்பட்டிருந்த கரியமில வாயு. பிறகு நுனிப்பக்கமாக ஊதி, அழுக்கை வந்த வழியே அனுப்பி, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வினிகரை டேங்கில் ஊற்றி விட்டுவிடுவது நல்லதல்ல, உலோகமும் ரப்பரும் அதை விரும்பாது.

உங்கள் கார் நேர்க்கோட்டில் பீய்ச்சாமல் விசிறியாகத் தெளிக்கிறதா? அப்படியானால் ஊசியை ஒருபோதும் விடாதீர்கள். அந்த நாசிலுக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. சின்ன அறை ஒன்றில் நீர்த்தாரை ஒரு சுவரோடு ஒட்டும், அங்கிருந்து பிரிந்து எதிர்ச்சுவரோடு ஒட்டும். இப்படித் தானாகவே இடமும் வலமுமாக ஆடித் தெளிக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில், நீரோட்டத்தையும் காற்றோட்டத்தையும் வைத்தே கட்டுப்பாட்டுக் கருவி செய்ய முயன்றபோது வளர்ந்த நுட்பம் இது. அறையின் சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே ஆட்டம் கெடும்.

இனி எதை ஊற்றுவது? சோப்புத் தண்ணீர் வேண்டாம். சோப்பு கடினநீரின் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரியும், கல்லோடு அதுவும் துளைக்குள் சேரும். கார் ஷாம்பு அப்படித் திரியாது, ஒரு லிட்டருக்குச் சில சொட்டு போதும். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விடுவதிலும் ஆபத்து உண்டு. 2010இல் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று, வெறும் தண்ணீர் ஊற்றிய வாஷருக்கும் லெஜியோனேர் என்ற நுரையீரல் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் அந்தக் கிருமி வளரும். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோல் பங்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் சரி. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் மலிவு. காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதால் அதில் சுண்ணாம்பு கிடையாது. தூசிக்காகத் துணியில் வடிகட்டினால் போதும். ஊற்றுவதற்கு முன் பழைய போர் தண்ணீரை மோட்டாரை விட்டு விட்டு இயக்கியே வெளியேற்றலாம். ஆனால் முனகல் சத்தம் கூர்மையானதும் லீவரை விட்டுவிட வேண்டும். தண்ணீரில்லாமல் சுற்றினால் இந்த மோட்டார் சூடாகி உண்மையிலேயே போய்விடும்.