வானிலைப் படத்தில் பச்சை நிறம் தெரிந்தால் கடலுக்குப் போகலாமா?

ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு மாளிகைக்காட்டுக் கடற்கரையில் நின்றிருந்தேன். என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் கையடக்கத் தொலைபேசியோடு ஓடி வந்தான். திரையில் நமது கடல் முழுவதும் பச்சை நிறமாகத் தெரிந்தது. "சேர், இது பச்சையாக் கிடக்கு. வாப்பா நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டான். காற்று மெதுவாக வீசும் என்பதற்குத்தான் அந்த நிறம் என்பது எனக்குத் தெரியும். "பிரச்சினை இல்லை போலத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் இடியும் மின்னலுமாகக் காற்று அடித்தது. அவனுடைய வாப்பாவின் படகு இரவு வெகுநேரம் கழித்தே கரைக்கு வந்தது. வலையை வெட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதமில்லை. அந்தக் காக்கா என்னைக் கண்டபோது ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் மகன் மட்டும், "சேர், பச்சை என்றுதானே இருந்திச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்தும் கடலோடிகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது விடயம், அந்தப் படம் கடலைப் பார்த்து எடுத்த படம் அல்ல. வின்டி போன்ற செயலிகள் காட்டுவது கணினி போட்ட கணக்கு. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் ஈசிஎம்டபிள்யூஎஃப் ஆகிய இரண்டும் இவற்றில் பிரபலமானவை. இவை கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு காற்று, ஒரு மழை என்று கணக்கிடுகின்றன. ஜிஎஃப்எஸ்ஸின் ஒரு சதுரம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர் அகலமானது. அதாவது கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் ஏறக்குறைய ஒரே சதுரம்தான். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பின்னேரங்களில் உருவாகும் இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமானதுதான். பெரிய கண் வலையில் நெத்தலி தப்புவது போல அது அந்தச் சதுரத்துக்குள் தப்பிவிடுகிறது. அன்று என் மாணவன் காட்டிய பச்சையின் கதையும் இதுதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. சில படங்களில் நேரம் சர்வதேச நேரத்தில் போடப்பட்டிருக்கும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அங்கே 12 மணி என்றிருந்தால் நமக்குப் பின்னேரம் 5.30. இதைக் கவனிக்காதவர் காற்று வரும் நேரத்தைப் பகல் என்று நினைத்து ஏமாறுவார்.

இரண்டாவது விடயம், நமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கை. அதில் கரையோரம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள நாம் மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இருக்கிறோம். ஆகவே "மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஊடாக ஹம்பாந்தோட்டை வரை" என்று வரும் இடத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். காற்றின் திசை என்று சொல்லப்படுவது காற்று வரும் திசை, அது போகும் திசை அல்ல. வேகம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று தரப்படும். செயலிகளில் நொட் என்று இருந்தால் அதை 1.85 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் கிடைக்கும். 20 நொட் என்பது 37 கிலோமீற்றர்.

அறிக்கையின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வசனம் இருக்கும். இடியுடன் கூடிய மழை பெய்யும் வேளைகளில் காற்று தற்காலிகமாகப் பலமாக வீசலாம், கடல் கொந்தளிக்கலாம் என்பதே அதன் கருத்து. தினமும் வருவதால் அதை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் படத்தின் பச்சை நிறம் சொல்லாமல் விடுவதை அந்த ஒரு வசனம்தான் சொல்கிறது. அந்த வசனம் இருக்கும் நாளில் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே தொழில் செய்ய வேண்டும். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை செக்கன்களை எண்ணி மூன்றால் பிரித்தால் இடிமுகில் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது என்று தெரியும். 30 செக்கன் என்றால் 10 கிலோமீற்றர். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தால் வலையை இழுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது, காற்றின் வேகம் என்று தரப்படுவது சராசரி. இடையிடையே அடிக்கும் வேகக் காற்று சராசரியை விட 40 வீதம் வரை கூடுதலாக இருப்பது வழமை. 30 என்று சொன்னால் 42 கிலோமீற்றரும் வரும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகம் 40 வீதம் கூடும்போது படகின் மீது விழும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

நான்காவது, அலையின் உயரம். அறிக்கையில் 2 மீற்றர் என்று இருந்தால் 2 மீற்றருக்கு மேல் அலை வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அலைகளில் மூன்றில் ஒரு பங்கான பெரிய அலைகளின் சராசரிதான் அந்த 2 மீற்றர். ஆயிரம் அலைகளில் ஒன்று அதன் இரண்டு மடங்கு அளவுக்கு, அதாவது 4 மீற்றருக்குக் கிட்ட வரும். 6 செக்கனுக்கு ஒரு அலை என்றால் ஆயிரம் அலைகள் ஒரு மணித்தியாலம் 40 நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு இரவு முழுக்கக் கடலில் நிற்கும் படகு அப்படிப்பட்ட அலைகள் பலவற்றைச் சந்தித்தே ஆகும்.

உயரத்தோடு சேர்த்து இரண்டு அலைகளுக்கு இடையிலான செக்கன்களையும் பார்க்க வேண்டும். 5 அல்லது 6 செக்கன் என்றால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய குறுகிய அலை. நடுக்கடலில் சிறிய படகுக்கு இதுதான் ஆபத்து. 14, 16 செக்கன் என்றால் தென் இந்து சமுத்திரத்தில் எங்கோ வீசிய புயல் அனுப்பிய நீண்ட அலை. 16 செக்கன் அலை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் பயணிக்கும். இங்கே காற்று இல்லாமலேயே அது வந்து சேரும். நடுக்கடலில் அது படகை மெதுவாகத் தூக்கி இறக்குவதோடு சரி. ஆனால் கரையில் எழும்பி உடைக்கும். துறைமுகத்துக்குள் போகாமல் நேரே மணலில் படகை ஏற்றி இறக்கும் நமது சகோதரர்களுக்கு ஆபத்து அங்கேதான். ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணல் மூடும் பிரச்சினை தீராதிருக்கும் வரை இந்தச் செக்கன் கணக்கு நமக்கு இரட்டிப்பு அவசியம்.

ஐந்தாவது, கச்சான் காலம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை எழும்புவதற்குக் காற்று தண்ணீரின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் கடல் குளம் போலத் தெரியும். வெளியே போகப் போகத்தான் அலை பெருக்கும். இந்தக் காலத்தில் எஞ்சின் பழுதானால் காற்றே படகை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே கச்சானில் கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுப்பதை விட, கரையிலிருந்து 30, 40 கிலோமீற்றர் தள்ளி விரலை வைத்து அங்குள்ள காற்றையும் அலையையும் செயலியில் பார்ப்பது நல்லது.

ஆறாவது, வாழைச்சேனை, ஒலுவில் போன்ற இடங்களிலிருந்து பலநாள் கலங்களில் செல்வோருக்கானது. கரையை விட்டுப் பல நூறு கிலோமீற்றர் போனபின் இன்டர்நெட் இல்லை. அங்கே நம்பக்கூடிய நண்பன் அமுக்கமானி. சில கையடக்கத் தொலைபேசிகளிலேயே அது உண்டு. நமது பகுதியில் வளியமுக்கம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கூடி, அதிகாலை 4 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் குறையும். இந்த ஏற்ற இறக்கம் 3 மில்லிபார் அளவில் இருக்கும். ஆகவே காலையில் பார்த்ததைப் பின்னேரத்தோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. நேற்றைய 10 மணியை இன்றைய 10 மணியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடும்போது 3 மில்லிபார் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்திருந்தால் புயல் கிட்ட இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அது எந்தப் பக்கம் என்பதற்கு ஒல்லாந்து நாட்டு அறிஞர் பைஸ் பலோட் 1857இல் சொன்ன விதி இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நமது இடது கைப் பக்கம், சற்று முன்னால் புயலின் மையம் இருக்கும்.

கடைசியாக, புயலுக்குப் பெயர் வைக்கும் வரை காத்திருக்கும் பழக்கம். வங்காள விரிகுடாவில் காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 62 கிலோமீற்றரைத் தொட்ட பிறகுதான் சூறாவளி என்று பெயர் சூட்டப்படும். அதற்கு முன்பு அது வெறும் தாழமுக்கம், அல்லது ஆழ்ந்த தாழமுக்கம். செய்தியில் பெயர் வராததால் பெரிதாக எதுவுமில்லை என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். 50 கிலோமீற்றர் காற்றே ஒரு சிறிய ஃபைபர் படகுக்குப் போதும். 2017 நவம்பர் இறுதியில் நமது நாட்டின் தெற்கே கடந்த ஒக்கி, தாழமுக்க நிலையிலிருந்து ஒரு நாளைக்குள் சூறாவளியாகியது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் அறிவித்தல் வந்தபோது பலர் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைத் தாக்கிய சூறாவளியை நமது மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

அறிவித்தல் எப்போதும் உரிய நேரத்தில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2013 ஜூன் மாதம் தென்மேற்குக் கரையில் திடீரென வீசிய காற்றில் ஐம்பது பேரளவில் மீனவர்கள் இறந்தபோது, முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. எச்சரிக்கையை உரிய நேரத்தில் தருவது அரசின் கடமை. தரப்பட்டதை வாசிக்கத் தெரிந்திருப்பது நமது கடமை. விதித்தது நடக்கும் என்று சொல்லிக் கடமையை விடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் பொறுப்புச் சாட்ட வேண்டும்.

எனது ஆலோசனை செலவில்லாதது. ஒவ்வொரு மீனவர் சங்கத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை வைப்போம். காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், அதன் செக்கன், இடிமழை எச்சரிக்கை உண்டா இல்லையா என்ற ஐந்தை மட்டும் தினமும் பின்னேரம் அதில் எழுதுவோம். எழுதும் வேலையைப் பாடசாலை மாணவர்களிடம் கொடுக்கலாம். தாழமுக்கம் என்ற சொல் வரும் நாளில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவிக்கலாம். புவியியல் பாடத்தில் சமவமுக்கக் கோடுகளைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு, அது தன் வாப்பாவின் உயிரோடு சம்பந்தப்பட்ட கோடு என்று அப்போது புரியும்.

அந்த மாணவன் இப்போது நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. சென்ற கிழமை வந்து, "சேர், பச்சைதான். ஆனா கடைசி வசனம் இருக்கு. வாப்பா பகலோட திரும்புவாராம்" என்றான்.