தொழில் தொடங்க நிதி உதவி: தோட்டப்புற இளைஞர் அறிய வேண்டியவை

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலத்தின் பெரும்பகுதியைச் செம்பனை பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பால்வெட்டு நடைபெறும் தோட்டங்களிலும் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலை ஏற்க முன்வருவதில்லை. பலர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். வேறு சிலருக்கு மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தல், தையல், முடி திருத்தல், பலகாரம் செய்து விற்றல், ஆடு வளர்த்தல் போன்ற சொந்தத் தொழில்களில் நாட்டம் உண்டு. இந்நாட்டம் வரவேற்கத்தக்கது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டிய குடும்பத்திற்குப் பிள்ளையின் தொழிலே ஊன்றுகோலாக அமையக்கூடும். ஆகவே, அத்தொழிலுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மானியம் வேறு, கடன் வேறு

"அரசாங்கம் பணம் கொடுக்கிறது" என்ற பேச்சு தோட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. அப்பணம் மானியமா, கடனா என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும். மானியம் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவி. கடன் தவணை தவறாமல் கட்ட வேண்டிய பொறுப்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதியதால் இடர்ப்பட்ட குடும்பங்கள் உண்டு.

மானியங்கள் அளவில் சிறியவை, நிபந்தனைகள் கொண்டவை. சான்றாக, 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சிறு வணிகர்கள் மின்னியல் வசதிகளைப் பெறுவதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. ஒருவருக்கு 5,000 வெள்ளி வரை கிடைக்கும் அத்திட்டத்தில் செலவின் மறுபாதியை வணிகரே ஏற்க வேண்டும். ஏற்கெனவே பதிவு பெற்று நடைபெறும் தொழிலுக்கே அது உரியது. கையில் ஒன்றுமில்லாமல் மானியத்தை மட்டும் நம்பித் தொழிலில் இறங்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

இந்தியர்களுக்கான வாய்ப்புகள்

அதே 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் இந்தியச் சமுதாயத்திற்கென மித்ராவுக்கு 10 கோடி வெள்ளியும், தெக்குன் நேஷனல் வழியாக 3 கோடி வெள்ளியும் ஒதுக்கப்பட்டன. மித்ராவின் நிதி பெரும்பாலும் கல்வி, சுகாதாரம், பயிற்சி ஆகிய திட்டங்களின் வழியே மக்களைச் சென்றடைகிறது.

தெக்குன் 1998ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் கீழ் இந்தியத் தொழில்முனைவர்களுக்காக இயங்கும் திட்டம் ஸ்பூமி எனப்படும். பெண்களுக்கு அமானா இக்தியார் உண்டு. வங்காள தேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி 1987இல் தோன்றிய இந்நிறுவனம், 2024இல் இந்தியப் பெண்களுக்கென 5 கோடி வெள்ளியில் 'பெண்' திட்டத்தைத் தொடங்கியது. ஸ்பூமி, 'பெண்' ஆகிய இரண்டும் கடன் திட்டங்களே என்பதை நினைவிற்கொள்க.

தவணையைக் கணக்கிடுதல்

ஓர் இளைஞர் 10,000 வெள்ளி கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு கட்டணம், தவணைக் காலம் 5 ஆண்டு எனில், கட்டணம் மட்டும் 2,000 வெள்ளி. மொத்தம் 12,000 வெள்ளியை 60 மாதங்களில் கட்ட வேண்டும்; அதாவது மாதம் 200 வெள்ளி. தொழிலின் இலாபத்திலிருந்து இத்தொகையை எடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடியாவிடின், அச்சுமை பெற்றோரின் சம்பளத்தின்மீது விழும். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் 200 வெள்ளி சிறு தொகையன்று. மழையால் பால்வெட்டு நின்றாலும் தவணை நிற்பதில்லை.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட நெகிழ்வுக் கணக்கிலிருந்து 55 வயதுக்குட்பட்டோர் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அதனை அப்படியே பிள்ளையின் தொழிலுக்குக் கொடுத்துவிடுவது முதுமைக்கால உணவை இன்றே உண்பதற்கு ஒப்பாகும்.

முன்னேற்பாடுகள்

1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். சொந்தப் பெயரில் பதிவதற்கு ஆண்டுக்கு 30 வெள்ளியும், வணிகப் பெயரில் பதிவதற்கு 60 வெள்ளியும் கட்டணமாகும். கடை வைப்போர் உள்ளூர் நகராண்மைக் கழகத்தின் அனுமதியையும் பெற வேண்டும். தோட்டத்து வீட்டிலேயே தொழில் செய்ய விரும்புவோர் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நலம்.

விண்ணப்பிக்கும் முன் ஆறு மாத காலம் தொழிலைச் சிறு அளவில் நடத்தி, வரவு செலவுகளை ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வருதல் நன்று. அப்புத்தகமும் வங்கிக் கணக்கும் பயிற்சிச் சான்றிதழும் விண்ணப்பதாரரின் நம்பகத்தை அதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டும்.

"முன்பணம் கொடுத்தால் மானியம் பெற்றுத் தருகிறேன்" என்று வருவோரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அடையாள அட்டை நகலையும் வங்கி அட்டையையும் அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. உரிய அலுவலகத்திற்கு நேரில் சென்று விசாரிப்பதே பாதுகாப்பானது.

1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கினர். துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்க அப்பணமே கைகொடுத்தது. தம் பங்கைத் தாமே முதலில் வைத்தவர்கள் நம் முன்னோர். மானியமோ கடனோ எதுவாயினும், சொந்தச் சேமிப்பும் கைத்தொழில் அறிவும் உள்ளவருக்கே அது பயன் தரும். விண்ணப்ப பாரத்தை நிரப்பும் முன், பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாய் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பார்களாக.