கல்லறை மண்ணில் கடைசிப் புகலிடம்

ஈக்வடாரின் மலைக் காடுகள் சுருங்கச் சுருங்க, அங்குள்ள சின்னஞ்சிறு பாம்புகள் இடுகாட்டில் தஞ்சம் புகுகின்றன.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில், எப்போதும் மேகம் தவழும் ஒரு சிற்றூர். அதன் கல்லறைத் தோட்டத்து மண்ணுக்குள் பாம்புகள் இருப்பதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 2021-ல் ஈக்வடார் ஆய்வாளர் அலெஹாண்ட்ரோ அர்டியாகாவின் குழு போய்ப் பார்த்தது. கிடைத்தது, அறிவியல் அதுவரை அறியாத ஒரு பாம்பு.

மிகச் சிறிய கண்கள். மஞ்சள் வயிற்றில் மெல்லிய கறுப்புக் கோடு. விஷமில்லை. இன்னொரு புதிய இனம் பழைய தேவாலயம் ஒன்றின் அருகே சிக்கியது.

மூன்றாவது இனத்தின் கதை வேறு. எல் சாக்கோ என்ற ஊருக்கு 2013-ல் வந்த ஒரு பள்ளி ஆசிரியர், வழியெல்லாம் செத்துக் கிடந்த பாம்புகளைக் கண்டார். வீசியெறிய மனமில்லாமல் ஆல்கஹால் பாட்டில்களில் சேர்த்து வைத்தார். பிற்பாடு ஆராய்ந்தபோது அவற்றிலும் ஒரு புதிய இனம் இருந்தது!

இந்த மூன்றையும் பற்றிய ஆய்வு 2022 செப்டம்பரில் 'ஸூகீஸ்' இதழில் வெளியானது. கல்லறைப் பாம்புக்கு 'அட்ராக்டஸ் டிஸ்கவரி' என்று பெயர். ஆய்வுப் பயணத்துக்கு நிதி தந்த திட்டத்துக்கு அது நன்றிக்கடன்.

அட்ராக்டஸ் குடும்பம் பெரிது. 140-க்கும் மேற்பட்ட இனங்கள். பாம்புகளில் வேறெந்தப் பேரினத்துக்கும் இத்தனை கிளைகள் இல்லை. ஆனாலும் இவற்றைப் பற்றித் தெரிந்தது சொற்பமே. மண்ணுக்கடியிலும் சருகுக்கடியிலும் வாழும் இவை மேலே வருவது அபூர்வம். மண்புழு போன்றவையே இரை.

அதனால்தான் ஈரமான, இளகிய மண் இவற்றுக்கு உயிர்நாடி. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினால் ஈரம் வற்றுகிறது, மண் இறுகுகிறது. இப்புதிய இனங்களின் பூர்வீகக் காட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது. எஞ்சியிருக்கும் மிருதுவான மண்ணைத் தேடி, மனிதர்கள் புழங்கும் இடங்களுக்கே அவை வந்து சேர்கின்றன.

அங்கும் நிம்மதியில்லை. மண்வெட்டியோடு நிற்பவருக்குத் தெரிவது பாம்பு மட்டுமே. விஷமுண்டா இல்லையா என்று பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. கண்டதும் அடி விழுகிறது.

காடு திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை இந்தப் பாம்புகள் பிழைத்திருக்க, இது கடிக்காது, விட்டுவிடலாம் என்ற ஒரு தகவல் ஊர்க்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாம்புகளை முதலில் காட்டிக் கொடுத்தவர்களும் அவர்கள்தானே.