யாருடைய பிரதிநிதி?
உக்ரைனின் உள்ளூராட்சிச் சபை உறுப்பினரும் அவரது வாக்காளரும்

உக்ரைன் பற்றி நாம் வாசிப்பவை பெரும்பாலும் போரைப் பற்றியவை. அல்லது வல்லரசுகளின் நலன்களைப் பற்றியவை. அந்நாட்டின் ஒரு கிராமசபை உறுப்பினர் தமக்கு வாக்களித்தவர்களுக்கு எந்த அளவில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி இவற்றின் முன்னால் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஜனநாயகம் குறித்த மிகப் பழைய விவாதம் ஒன்று அந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. தெரிவு செய்யப்பட்டவர் தம்மைத் தெரிவு செய்தவர்களின் தூதுவரா? அல்லது தமது அறிவின்படி நடக்கும் சுதந்திரமான மனிதரா? இவ்விரண்டுமன்றி, தமக்கு ஆசனம் தந்த கட்சியின் ஊழியரா?

இரு மரபுகள்

1774 இல் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் பேசிய எட்மன்ட் பேர்க், பிரதிநிதி தமது தீர்ப்பை வாக்காளரின் விருப்பத்துக்குப் பலியிடக்கூடாது என்று வாதிட்டார். மேற்கு நாடுகளின் பாராளுமன்றங்கள் பெரும்பாலும் இக்கருத்தையே தழுவிக்கொண்டன. மற்ற மரபு 1871 இன் பாரிஸ் கொம்யூனுடையது. அங்கு நகரசபை உறுப்பினர்கள் எந்நேரமும் திருப்பியழைக்கப்படக் கூடியவர்களாக இருந்தனர். மார்க்ஸ் இதனைப் போற்றினார். 1936 இன் சோவியத் அரசியலமைப்பு இதனைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. அதன் 142 ஆவது பிரிவின்படி ஒவ்வொரு பிரதிநிதியும் தமது வேலை பற்றி வாக்காளருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பெரும்பான்மையினர் விரும்பினால் அவரை எப்பொழுதும் திருப்பியழைக்கலாம்.

வாக்குச்சீட்டில் ஒரேயொரு பெயர் மட்டும் இருந்த நாட்டில் இப்பிரிவுக்கு என்ன பொருள் என்பதை நாம் அறிவோம். தெரிவு செய்யும் உரிமை இல்லாதவனுக்குத் திருப்பியழைக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. எனினும் அச்சொற்கள் மக்கள் மனதில் தங்கிவிட்டன. 1991 இல் சுதந்திரமடைந்த உக்ரைன், இச்சொற்களைத் தூக்கியெறியாமல் புதிய நிறுவனங்களுக்குள் எடுத்துச் சென்றது.

சட்டம் சொல்வது

உள்ளூர்ச் சுயாட்சியை 1996 இன் அரசியலமைப்பு அங்கீகரித்தது. 1997 இல் உள்ளூர்ச் சுயாட்சிச் சட்டமும், 2002 இல் உள்ளூர்ச் சபை உறுப்பினரின் அந்தஸ்து பற்றிய தனிச் சட்டமும் வந்தன. பின்னையது எமது கவனத்துக்குரியது. அதன்படி உறுப்பினர் மாதத்தில் ஒரு தடவையேனும் வாக்காளரைச் சந்தித்து முறைப்பாடுகளைக் கேட்க வேண்டும். வருடத்தில் ஒரு தடவையேனும் தமது வேலை பற்றித் தொகுதி மக்களுக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். வாக்காளர் கூட்டம் கூடி உறுப்பினருக்கு ஆணைகளை வழங்கலாம்: இன்ன வீதியைத் திருத்து, இன்ன பாடசாலைக்குக் கூரை போடு என்பது போல. உறுப்பினர் அதிகாரிகளுக்கு எழுதும் கோரிக்கைக்குப் பத்து நாட்களுக்குள் பதில் வரவேண்டும்.

இன்னொரு விடயமும் சட்டத்தில் உண்டு. உறுப்பினர் தமது தொழிலை விடாமலே இப்பணியைச் செய்கிறார். இதற்குச் சம்பளம் கிடையாது. பார்வைக்கு இது உயர்ந்த கொள்கை. ஆனால் நேரமும் வசதியும் உள்ளவருக்கே இப்பதவி இலகுவாகிறது. சிறிய ஊர்களிலோ பாடசாலை அதிபரும் வைத்தியரும் சபைக்கு வருகின்றனர். அவர்கள் வேலை பார்க்கும் பாடசாலையும் வைத்தியசாலையும் அதே சபையின் பணத்தில் இயங்குகின்றன. சபைத் தலைவரை எதிர்த்துக் கை உயர்த்துவதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு தடவை யோசிப்பார்.

பணம் கீழே இறங்கியபோது

2014 வரை இவையெல்லாம் பெருமளவு கடதாசியில் கிடந்தன என்றே கூற வேண்டும். அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் இருந்தன. அவற்றில் பல, ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு அப்பால் எதுவும் செய்ய இயலாதவை. கையில் பணமில்லாத சபையிடம் கணக்குக் கேட்பதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

2014 இல் தொடங்கிய அதிகாரப் பரவலாக்கம் இந்நிலையை மாற்றியது. கிராமங்களும் சிறு நகரங்களும் இணைந்து 'ஹ்ரொமாடா' எனப்படும் சமூக அலகுகளாயின. முதலில் இது விருப்பத்தின் பேரில் நடந்தது. 2020 இல் அரசாங்கம் நாடு முழுவதற்கும் 1,469 ஹ்ரொமாடாக்களை வரையறுத்தது. அதே வருடம் 490 ஆக இருந்த மாவட்டங்கள் 136 ஆகக் குறைக்கப்பட்டன. தனிநபர் வருமான வரியில் 60 வீதம் ஹ்ரொமாடாவின் வரவு-செலவுத் திட்டத்துக்கு வந்தது; 2022 இல் இது 64 ஆக உயர்ந்தது. பாடசாலை, ஆரம்ப மருத்துவம், வீதி, குடிநீர் எல்லாம் சபையின் பொறுப்பாயின. கேட்பதற்குக் கணக்கு இருந்ததால் கேள்வியும் பிறந்தது.

அதேவேளை ஓர் இழப்பும் நேர்ந்தது. இணைக்கப்பட்ட கிராமங்கள் தமது சொந்தச் சபையை இழந்தன. அவற்றுக்கு 'ஸ்தாரொஸ்தா' எனப்படும் ஊர்த் தலைவர் ஒருவர் கிடைத்தார். தொடக்கத்தில் அவரை ஊர் மக்களே தெரிவு செய்தனர். 2020 இன் பின்னர் ஹ்ரொமாடாவின் தலைவர் பிரேரிக்க, சபை அவரை நியமிக்கிறது. பணம் கிராமத்துக்கு அருகில் வந்தபோது, அதைப் பற்றித் தீர்மானிக்கும் ஆசனம் கிராமத்தை விட்டுச் சற்றுத் தூரம் போயிற்று.

திருப்பியழைப்பது யார்?

விடயத்தின் மையத்துக்கு இப்போது வருகிறோம். 2015 இன் சட்டத் திருத்தம், மக்கள் முன்முயற்சியின் மூலம் உறுப்பினரைத் திருப்பியழைக்கும் நடைமுறையை ஏற்படுத்தியது. பதவியேற்று ஒரு வருடத்தின் பின்னரே இதனைத் தொடங்கலாம். ஒரு வருடத்தில் அரைவாசிக்கு மேற்பட்ட அமர்வுகளுக்கு வராமை, வாக்காளரைச் சந்திக்காமை, அறிக்கை கொடுக்காமை போன்றவை அதற்கான காரணங்கள். வாக்காளர் கூட்டம் கூடித் தீர்மானித்து, கையொப்பங்கள் சேகரிக்க வேண்டும்.

இதுவரைக்கும் பாரிஸ் கொம்யூனின் குரல் கேட்கிறது. ஆனால் கட்சிப் பட்டியலில் வந்த உறுப்பினரைப் பொறுத்தவரை, கையொப்பங்கள் சேர்ந்த பின் இறுதி முடிவை எடுப்பது கட்சியின் உயர் தலைமைப்பீடம். வாக்காளர் வெயிலிலும் பனியிலும் நின்று கையொப்பம் திரட்டினாலும், கட்சி விரும்பாவிட்டால் உறுப்பினர் ஆசனத்தில் இருப்பார். மறுபுறம், கட்சியே இம்முயற்சியைத் தொடங்கவும் சட்டம் இடமளிக்கிறது. கட்சி அணியை விட்டு விலகுவதும் திருப்பியழைப்பதற்கு ஒரு காரணம். ஆகவே மக்களின் பெயரால் அமைந்த இக்கருவி கட்சி ஒழுக்கத்தின் கருவியாகவும் பயன்படக்கூடியது. ஐரோப்பிய கவுன்சிலின் வெனிஸ் ஆணைக்குழு, உக்ரைனில் கட்சிகள் ஆசனங்களை இவ்வாறு கட்டுப்படுத்தும் போக்கை ஏற்கெனவே பாராளுமன்ற மட்டத்தில் கண்டித்திருந்தது.

2020 ஒக்ரோபர் 25 இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலைப் பார்த்தால் இதன் கனம் புரியும். 10,000 அல்லது அதற்கு மேற்பட்ட வாக்காளர் உள்ள ஹ்ரொமாடாக்களில் கட்சிப் பட்டியல் வழியாக மட்டுமே சபைக்குப் போட்டியிட முடிந்தது. பட்டியல் 'திறந்தது', வாக்காளர் கட்சியோடு ஒரு வேட்பாளரையும் தெரிவு செய்யலாம். ஆனால் தேர்தல் ஒதுக்கீட்டின் 25 வீதத்தையாவது தனிப்பட்ட விருப்பு வாக்காகப் பெற்றாலன்றி ஒருவர் பட்டியலில் முன்னேற முடியாது. ஒரு தொகுதிக்கு 5 முதல் 12 வரை உறுப்பினர்கள். இவர்களில் யார் 'எங்கள்' உறுப்பினர்?

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் 2022 இன் பின் வந்த உக்ரைனியப் பெண்கள் சிலர் உள்ளனர். உங்கள் சபை உறுப்பினர் யாரென ஒருவரிடம் கேட்டேன். மேயரின் பெயரை உடனே சொன்னார். உறுப்பினரின் பெயர் தெரியவில்லை. கட்சிக்குத்தான் போட்டோம் என்றார். ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆயினும் தேர்தல் முறையை வாசித்தவருக்கு அப்பதில் வியப்பளிக்காது.

கட்சி என்றால் என்ன என்பதையும் கேட்க வேண்டும். அத்தேர்தலில் பெருநகரங்கள் பலவற்றில் மேயர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட கட்சிகளே முன்னணிக்கு வந்தன. கார்கிவ் நகரில் வென்ற கட்சி மேயர் கேர்னெஸின் பெயரையே தாங்கியிருந்தது. மேயரைக் கண்காணிக்க வேண்டிய உறுப்பினரைத் திருப்பியழைக்கும் அதிகாரம் மேயரின் கட்சியிடம் இருக்குமாயின், கண்காணிப்பு எங்ஙனம் நடக்கும்? இதன் மறுபக்கமும் விசித்திரமானது. 2022 இல் நீதிமன்றம் ரஷ்ய சார்புக் கட்சி ஒன்றைத் தடை செய்தது. அதன் பட்டியலில் தெரிவானவர்கள் பல சபைகளில் தொடர்ந்தும் அமர்ந்திருந்தனர். அவர்களைத் திருப்பியழைக்க வேண்டிய தலைமைப்பீடமோ சட்டப்படி இல்லாமற் போயிருந்தது.

போரும் கேள்வியும்

2022 பெப்ரவரி 24 இல் இராணுவச் சட்டம் பிரகடனமானது. இராணுவச் சட்டத்தின் கீழ்த் தேர்தல் நடத்த முடியாது. 2025 ஒக்ரோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. போர்முனைக்கு அருகில் பல இடங்களில் சபைகளின் அதிகாரத்தை பாராளுமன்றம் இராணுவ நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. வாக்காளரில் இலட்சக்கணக்கானோர் வெளிநாடுகளில். எண்ணற்றோர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வேறு ஊர்களில். தண்டிக்கும் வாக்கு இல்லாதபோது பொறுப்புக் கூறல் இறந்துவிடும் என்பதே பாடநூல்களின் முடிவு.

நடந்தது அவ்வாறன்று. 2023 இலையுதிர் காலத்தில் கீவ் நகரசபையின் முன் மக்கள் வாரந்தோறும் கூடி, வீதிக்குக் கல் பதிக்கும் பணத்தை இராணுவத்துக்குக் கொடு என்றனர். வேறு நகரங்களிலும் இது பரவியது. அதே வருடம் செப்டெம்பரில், அதிகாரிகளினதும் மக்கள் பிரதிநிதிகளினதும் சொத்து விபரங்களைப் பொதுமக்களிடமிருந்து மறைத்து வைக்கும் சட்டமொன்று நிறைவேறியபோது, 80,000 இற்கும் அதிகமானோர் மனுவில் ஒப்பமிட்டனர். ஜனாதிபதி சட்டத்தைத் திருப்பியனுப்பினார், விபரங்கள் திறக்கப்பட்டன. 2024 பெப்ரவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், சபை அமர்வுகளையும் குழுக் கூட்டங்களையும் ஒளிப்பதிவு செய்து வெளியிடும்படி பணித்தது. யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயர்வாரியாகப் பதிவு செய்யும் விதி 2015 முதலே உண்டு.

இவற்றில் எதுவும் திருப்பியழைத்தல் அல்ல. ஒருவரையும் எவரும் பதவியிறக்கவில்லை. மக்கள் கணக்கைப் பார்த்தனர். பார்த்ததைப் பற்றிக் கேட்டனர். சபைகள் பதில் சொல்ல நேர்ந்தது.

எமது அக்கறை

இலங்கையை நினையாமல் இதனை வாசிக்க எம்மால் முடியாது. யாழ்ப்பாண மாநகரசபைக்கு 1983 இன் பின் 1998 வரை தேர்தல் இல்லை. காரணம் போர் எனப்பட்டது. 2023 மார்ச்சில் இலங்கை முழுவதும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தபோது போர் இருக்கவில்லை, பணமில்லை என்றனர். 2025 மே 6 வரை ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். உக்ரைனில் பழைய உறுப்பினர் காலாவதியான ஆணையோடு இருக்கிறார். எமது நாட்டில் உறுப்பினரே இல்லாமற் போனார். இரண்டில், முன்னையதில் கேள்வி கேட்க ஒரு முகமாவது இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

திருப்பியழைக்கும் உரிமையே உண்மையான ஜனநாயகம் என எம்மில் பலர் இடதுசாரி மரபிலிருந்து கற்றோம். உக்ரைனின் அனுபவம் அதனை மறுக்கவில்லை. ஆனால் அவ்வுரிமையின் இறுதித் தீர்ப்பு யார் கையில் என்பதைக் கேட்கச் சொல்கிறது. தீர்ப்பு கட்சியின் கையில் இருக்கும்வரை, அதனை மக்களின் உரிமை என அழைப்பது பொருந்தாது. அதனை ஒன்றில் வாக்காளரின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும், அல்லது நீக்கிவிட வேண்டும். வருடாந்த அறிக்கையைக் குறித்த நாளில் குறித்த தொகுதியில் கொடுப்பதைக் கட்டாயமாக்குவதும், இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதில் கேள்வி கேட்க வழி செய்வதும் அதைவிட அவசரமானவை.

கட்சியின்றி உறுப்பினர் தனிப்பட்ட வியாபாரியாகிவிடுவார் என வாதிடுவோர் இருக்கலாம். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. பட்டியல் முறை வருமுன் உக்ரைனில் அதுவும் நடந்தது. இது பற்றி மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும்.