‘டேங்க்’ என்ற சொல்லும் நமது வழக்குகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ‘டேங்க்’ என்றதும் இன்று நினைவுக்கு வருவது வேங்கைவயல். முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த அச்சிற்றூரில் பட்டியல் சமூக மக்கள் குடித்துவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அந்தத் தொட்டியை ஊராரும் அலுவலரும் ‘டேங்க்’ என்றே குறிப்பிடுகின்றனர். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவிலும் ‘டேங்க்’ உண்டு. ஆனால், அது தூண்கள்மேல் நிற்கும் தொட்டியன்று, குளம்.

இந்திய ஆங்கிலத்தில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி யாவும் ‘டேங்க்’தான். நம் மாவட்டத்தில் கண்மாய் பாசனத்துக்கு உரியது, ஊருணி குடிநீருக்கு உரியது. பல ஊர்களில் கண்மாயின் மடை திறக்கவும் கரை காக்கவும் தலித்துகள் வேண்டியிருந்தனர். ஊருணியில் குடம் வைக்க மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிய ஆங்கிலக் கோப்புகளில் இந்த வேறுபாடு தென்படாது.

இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அகராதியாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லான ‘டாங்க்கு’, மராத்தியின் ‘டாக்கே’ ஆகியவற்றிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. நீரோட்டத்தைத் தடுத்தல் என்னும் பொருளில் பிறந்த போர்ச்சுகீசியச் சொல்லான ‘டாங்க்கே’ மற்றொரு மூலம். இரண்டும் மேற்குக் கடற்கரையில் கலந்திருக்கலாம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் உள்ள ‘தாங்கலை’ இத்துடன் இணைக்க ஆசை எழும். ஒலி ஒத்திருப்பதொன்றே அதற்குச் சான்றாகிவிடாது.

போர் ஊர்திக்கு இப்பெயர் வந்தது ஒரு மறைப்பு வேலையால். முதல் உலகப்போரின்போது பிரிட்டன் இரகசியமாக உருவாக்கிய அவ்வூர்தியைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முறை இறங்கியபோதும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

நமக்கு முதன்மையான ‘டேங்க்’ மகத் நகரின் சவுதார் குளம். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் மகத் நகராட்சியும் இசைந்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி நீரருந்தும்வரை அந்த உரிமை ஏட்டளவிலேயே இருந்தது. பின்னர் சாதி இந்துக்கள் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். அது தனியார் சொத்து என்று வழக்கும் தொடுத்தனர். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. குடித்தது ஒரு நாள். வழக்கு நடந்தது ஏறத்தாழ பத்து ஆண்டுகள்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குளம், தொட்டி, தண்ணீர்க் குழாய் என மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவு, பட்டியல் சமூகத்தினர் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறெந்த நீராதாரத்தையும் மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆகவே வேங்கைவயல் தொட்டி அச்சட்டத்தின் எல்லைக்குள் வருமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவரானால் அப்பிரிவு பொருந்தாது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே ஊரின் பட்டியல் சமூகத்தவர் மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. ஊர்மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சியினரும் அம்முடிவை ஏற்க மறுத்தனர்.

இன்னொரு ‘டேங்க்’ மீதமிருக்கிறது: செப்டிக் டேங்க். குளத்தில் இறங்காதே என்று தடுக்கப்பட்ட அதே சமூகத்தவரே இதில் இறக்கப்படுகின்றனர். செப்டிக் என்பது அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி இதைத் தூய்மை செய்ய ஆளமர்த்துவதைத் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 2014இல் 10 இலட்சம் ரூபாய் என்று வரையறுத்த உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் கட்டமைப்பு மரணங்களுக்கான அத்தொகையை 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது.

களத்தில் இருக்கும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் ‘டேங்க் சுத்தம் செய்தபோது மூச்சுத்திணறி இறந்தார்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அன்றே எழுத்துமூலம் திருத்தம் கோருங்கள். 2013 சட்டம் செப்டிக் டேங்குக்கும் சாக்கடைக்கும் பொருந்தும். தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தாது.